மருந்து என்று எழுதிய பாட்டில்

இதை எழுத உட்கார்ந்து மூன்று முறை எழுந்துவிட்டேன். ஒரு முறை தண்ணீர் குடிக்க, ஒரு முறை கேட்டைப் பூட்டினேனா என்று பார்க்க, மூன்றாவது முறை எதற்கென்று எனக்கே தெரியாது. ஓய்வு பெற்றால் கால் ஓரிடத்தில் நிற்கும் என்றார்கள். நிற்கவில்லை. பொறுமை எனக்கு மருந்துக்கும் கிடையாது. முப்பது வருடம் ஆய்வகத்தில் குப்பை கொட்டியும் அது வரவில்லை. தடுப்பான்களை வைத்து வேலை தொடங்கப் போகும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி துறையில் கேட்டார்கள். அளவும் நேரமும் வெப்பநிலையும் குறிப்பேட்டில் இருக்கின்றன, படித்துக்கொள்ளுங்கள். நான் கெடுத்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன்.

போன வாரம்தான் சேர்ந்தவர்களும் உங்களில் இருப்பீர்கள், அவர்களுக்காக இரண்டு வரி. நம் செல்களுக்குள் டி.என்.ஏ. நாள் முழுக்க உடைந்துகொண்டே இருக்கிறது. அதை ஒட்டுப்போடவென்றே சில புரதங்கள் இருக்கின்றன. எந்தப் புரதம் எந்த வேலை செய்கிறது என்று அறிய வேண்டுமானால், அதை மட்டும் நிறுத்திப் பார்க்க வேண்டும். வீட்டில் யார் எவ்வளவு வேலை செய்கிறார் என்பது அவர் காய்ச்சலில் படுக்கும் அன்றுதானே தெரிகிறது. அப்படி ஒரு புரதத்தைப் படுக்க வைக்கும் சிறு மூலக்கூறுதான் தடுப்பான். எங்களிடம் இருந்தது, இழை உடைந்த இடத்துக்கு முதல் ஆளாக ஓடிவரும் புரதத்தைத் தடுப்பது.

தடுப்பான் என்று இங்கே எழுதுகிறேனே தவிர, ஆய்வகத்தில் அந்தச் சொல்லை ஒருவரும் வாயால் சொன்னதில்லை. மருந்து என்போம். மருந்து வைத்தாச்சா, மருந்து தீர்ந்துபோச்சா, இவ்வளவுதான். தயவுசெய்து இந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலோ பெங்களூரிலோ இதனால் ஒன்றும் ஆகியிருக்காது.

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் பட்டாசுக்கு மருந்து செலுத்தும் அறையில் வேலை செய்யும் பன்னிரண்டு பெண்களிடமும், சாத்தூர்ப் பக்கம் காட்டு வேலை, அதாவது விவசாயக் கூலி வேலை, செய்யும் பன்னிரண்டு பெண்களிடமும் ரத்தம் வாங்கியிருந்தோம். வருடக்கணக்கில் ரசாயனப் பொடியோடு புழங்குகிறவர்களின் செல்கள் உடைந்ததை ஒட்டுவதில் பின்தங்குகின்றனவா என்பது எங்கள் கேள்வி. முதல் நாள் தடுப்பான் எதுவும் இல்லாமல், உள்ளது உள்ளபடி பார்ப்பது. இரண்டாம் சுற்றில் தடுப்பான் சேர்த்தும், ஒப்பிடுவதற்காகச் சேர்க்காமலும் பார்ப்பது. திட்டம் அவ்வளவுதான், பச்சைப் பிள்ளைக்கும் புரியும்.

நானோ நாளைய வேலையை இன்றைக்கே முடித்துவைக்கும் சாதி. அடுத்த சுற்றுக்கான திரவத்தையும் அன்றே கலந்து, இரண்டு பாட்டில்களையும் ஒரே தட்டில் வைத்தேன். தடுப்பான் கலந்ததில் ‘மருந்து’ என்றும், கலக்காததில் ‘மருந்து இல்லை’ என்றும் பேனாவால் எழுதினேன். அன்றைக்கு வேண்டியது இரண்டாவது மட்டும். செல்களை வேண்டுமென்றே கொஞ்சம் உடைத்துவிட்டு, இந்தத் திரவத்தில் ஒரு மணி நேரம் வைத்து, எவ்வளவு ஒட்டிக்கொண்டன என்று பார்க்க வேண்டும். ஆனால் அங்கேயே நிற்க என்னால் முடியவில்லை. சாத்தூர்ப் பெண்களுக்கு அடுத்த தேதி சொல்லப் போன் பேச வேண்டும் என்று ஒரு சாக்கு கிடைத்தது. ஜெயராணியைக் கூப்பிட்டு, “ரெண்டு ரேக்குக்கும் பாட்டில்ல இருக்கத ஊத்தி வச்சிரு, இப்ப வந்திருதேன்” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன்.

ஜெயராணி எங்கள் உதவியாளர். சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நாரணாபுரத்துப் பெண், அப்பா, அம்மா, பெரியம்மா எல்லாரும் பட்டாசுக் கம்பெனியில். கை சுத்தம், சொன்னதைத் தப்பாமல் செய்வாள். அவள் முன்னால் குழாய்கள் அடுக்கிய இரண்டு ரேக்குகள், ஒன்றில் மருந்து அறைப் பெண்களின் செல்கள், மற்றதில் காட்டு வேலைப் பெண்களின் செல்கள். பக்கத்தில் இரண்டு பாட்டில்கள். அவள் என்ன செய்திருப்பாள் என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். எனக்கு அது தெரியப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று.

முடிவைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மருந்து அறைப் பெண்களின் செல்களில் உடைசல் அப்படியே இருந்தது, ஒட்டவே இல்லை. காட்டு வேலைப் பெண்களின் செல்கள் அழகாக ஒட்டியிருந்தன. நாங்கள் பயந்தது இதைத்தான். பயந்தோம் என்று சொல்கிறேன், எதிர்பார்த்தோம் என்பதுதான் உண்மை. சந்தோஷப்பட்டேன் என்பதையும் மறைக்கப் போவதில்லை. பன்னிரண்டு பெண்களில் ஒருத்திக்கும் கூடவோ குறையவோ இல்லாமல், அச்சடித்தது போல ஒரே அளவு. அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பன்னிரண்டு மனுசிகள் எதிலாவது ஒத்துப்போய்ப் பார்த்திருக்கிறீர்களா? அவ்வளவு ஒழுங்கு தடுப்பானால்தான் வரும், வாழ்க்கையால் வராது. எதிர்பார்த்த விடை வந்தால் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள் என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன். ஊருக்குத்தான் உபதேசம்.

இரண்டு நாள் கழித்து, ஒரு புதன்கிழமை, இரண்டாம் சுற்று ரத்தத்துக்காக விஸ்வநத்தம் சமுதாயக் கூடத்துக்குப் போனோம். நர்ஸ் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். முத்துமாரி என்று ஒருத்தி, முப்பது வயது இருக்கும், எதையும் கேட்காமல் விடமாட்டாள். எவ்வளவு கழுவினாலும் போகாத அலுமினியப் பொடியின் சாம்பல் நிறம் விரலிடுக்குகளில் இருந்தது. ரத்தம் கொடுத்துவிட்டுப் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி என்னிடம் வந்தாள்.

“டீச்சர், போன தடவ குடுத்த ரத்தம் என்னாச்சு? ரிசல்ட்டு சொல்லாமலே மறுபடியும் கேக்கீக?”

இது ரிசல்ட் சொல்கிற சோதனை இல்லை, இன்னும் பாதி வேலை பாக்கி என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. எனக்குத்தான் நெஞ்சில் ஒன்று இருந்தால் வாயில் நிற்காதே.

“செல்லுக்குள்ள ஒடஞ்சத ஒட்டுற வேல சரியா நடக்கலம்மா. மருந்து ரூம்ல இருக்கவுக எல்லாருக்கும் அப்பிடித்தான் இருக்கு.”

“இதுக்கு மருந்து இருக்கா?”

“இல்ல.”

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். குரலை இறக்கிக்கொண்டாள். “வயித்துல மூணு மாசம் டீச்சர். ஏழு வருசம் கழிச்சு நின்னுருக்கு. இன்னும் வெளிய சொல்லல. இது புள்ளைக்கும் வருமா?”

மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக் கூடாது என்பது அங்கே வழக்கம். அதனால் எங்கள் படிவத்திலும் அவள் சொல்லவில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் வாய் நிற்கவில்லை.

“இருக்கலாம்” என்றேன்.

பிள்ளைகளே, நம் தொழிலில் ‘இருக்கலாம்’ என்பதற்கு ஒரு பொருளும் இல்லை. கட்டுரையின் கடைசிப் பத்தியில் உப்பைத் தூவுவது போலத் தூவிக்கொண்டு போவோம். வயிற்றில் பிள்ளையோடு நிற்கிறவள் காதில் அது ‘ஆமாம்’ என்று விழும். அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். சமாதானமாக ஏதோ சொன்னேன். அதற்குள் அவள் போய்விட்டாள்.

பிறகு மின்பெட்டி பழுதானது. ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சும் பெட்டி அது, அது இல்லாமல் ஒன்றும் நடக்காது. செல்களை உறைய வைத்துவிட்டு ஒரு வாரம் ஆய்வகத்தில் மேலும் கீழும் நடந்தேன். மதுரைக்கு மூன்று முறை போன் போட்டு ரிப்பேர்காரரைத் திட்டினேன். இரண்டாம் சுற்றை முடித்துத் தகடுகளை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தது அடுத்த வியாழக்கிழமை காலை.

தடுப்பான் சேர்க்காத தகடுகளில் மருந்து அறைப் பெண்களின் செல்கள் ஒட்டியிருந்தன. நன்றாக ஒட்டியிருந்தன. ஒருத்திக்குக் கொஞ்சம் மெதுவாக, ஒருத்திக்குக் கொஞ்சம் வேகமாக, மனுசர்களுக்கு எப்படி இருக்குமோ அப்படி. முத்துமாரியின் தகட்டைத் தேடி எடுத்து இரண்டு முறை பார்த்தேன். குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. நாற்காலியிலிருந்து எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

“ஜெயராணி, மொத நாளு எந்த பாட்டில ஊத்துன?”

“ரெண்டுந்தான் மேடம். மருந்துக்காரங்களுக்கு மருந்து பாட்டிலு, காட்டு வேலக்காரங்களுக்கு மருந்து இல்லாதது.”

நான் கத்திய கத்தலில் பக்கத்து அறையிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தது. கண்ணை எங்கே வைத்திருந்தாய், படித்தவள்தானே என்றெல்லாம் கேட்டேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள்: “நீங்கதான மேடம் மருந்துன்னு எழுதுனீக. எங்க ஊர்ல மருந்துன்னா அதுதான. அவுகளுக்குள்ளதுன்னு நெனச்சேன்.”

சிவகாசிப் பக்கம் மருந்து என்றால் வெடிமருந்து. பிறந்த குழந்தைக்குத் தெரியும். நானும் இந்த மண்ணில் பிறந்தவள்தான். ஆய்வகத்துக் கதவுக்குள் வந்ததும் அந்தச் சொல்லை எனக்கென்று எடுத்துக்கொண்டு, அதற்கு ஊரில் வேறு பொருள் இருப்பதை மறந்துபோயிருக்கிறேன்.

துறைத் தலைவரிடம் ஓடினேன். எப்படி நடந்தது, யார் தப்பு, அறிக்கையை என்ன செய்வது என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர் எதையும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இதை யாரிடமெல்லாம் சொன்னீர்கள்?” தப்பு நடந்த அன்று முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். காகிதத்தில் இருக்கும் தப்பு எங்கேயும் ஓடிவிடாது. வாயால் போன தப்பு இத்தனை நேரம் என்ன செய்துகொண்டிருக்கிறதோ.

திரும்பி வந்து முத்துமாரிக்குச் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தபோது ஜெயராணி முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். “மேடம், அந்தக்கா இன்னைக்குக் காலைல ஆஸ்பத்திரிக்குப் போறாகளாம். பெரியம்மா சொல்லுச்சு. கலைக்கதுக்கு.”

முத்துமாரியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. ஜெயராணியின் ஸ்கூட்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். ஒரு சிறு வண்டியில் என்னைப் போல ஒருத்தி பின்னால் உட்கார்ந்து ஆட்டிக்கொண்டே வந்தால் ஓட்டுகிறவள் பாடு என்ன என்று நீங்கள் யோசித்துப் பார்க்கலாம். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. இறங்கித் தண்டவாளத்தைத் தாண்டி நடந்து போய்விடலாமா என்று பார்த்தேன். சரக்கு ரயில் பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. அந்த வயதில் அத்தனை பேர் நடுவில் நின்று நான் அழுதேன், வெட்கம் இல்லாமல்.

வழி நெடுக ஒன்றைத் தெளிவாக நினைத்துக்கொண்டேன், அதை உங்களுக்கும் சொல்ல வேண்டும். பிள்ளையைப் பெறுவதும் பெறாததும் அவள் முடிவு. அதில் நான் தலையிடப் போகவில்லை. நான் சொன்ன ஒரு பொய்யை நம்பி அவள் முடிவெடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் கையில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் மாமியார். உள்ளே இன்னும் கூப்பிடவில்லை. எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

“முத்துமாரி, நான் சொன்னது தப்பு. ஒங்க ரத்தத்துல அப்பிடி ஒண்ணும் இல்ல. அங்கன லேப்ல எங்க கையில நடந்த தப்பு.”

மாமியார்தான் பேசினார். “என்ன டீச்சர் இது? அன்னைக்கு ரத்தம் கெட்டுப் போச்சுன்னீக. இன்னைக்கு நல்லா இருக்குங்கீக. எட்டு நாளா எங்க வீட்டுல அடுப்பு சரியா எரியல. நாங்க எதத்தான் நம்புறது?”

கெட்டுப் போச்சு என்று நான் சொல்லவில்லையே என்று வாய்வரை வந்தது. விழுங்கினேன். அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுவாகத்தான் இருக்கும். ஜெயராணி முன்னால் வந்து, “நாந்தான்க்கா மாத்தி ஊத்திட்டேன்” என்றாள். “அவ மேல தப்பில்ல. நான் எழுதுன லட்சணம்” என்று பாட்டில் கதையை முழுதாகச் சொன்னேன்.

“என்னன்னு எழுதியிருந்தீக?” முத்துமாரி முதல் முறையாக வாயைத் திறந்தாள்.

“மருந்துன்னு.”

“மருந்துன்னா எங்களத்தான சொல்லும்” என்றாள். அதில் கோபம்கூட இல்லை. கொஞ்ச நேரம் டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நீங்க சொல்லுதத நான் இனிமே கேக்க மாட்டேன் டீச்சர். எங்கிட்ட இன்னொருக்கா ரத்தம் எடுங்க. ஏங் கண்ணு முன்னால செய்யிங்க. நானே பாக்கேன்.”

மாமியாரிடம் திரும்பி, இன்னைக்கு வேண்டாம்னு சொல்லிருங்கத்தே என்றாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆய்வகத்துக்கு வந்தாள். நர்ஸ் கொஞ்சமாக ரத்தம் எடுத்தார். அவளுக்கு ஒரு உயர ஸ்டூல் போட்டோம். ஐந்து மணி நேர வேலை அது. ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்கிறோம் என்று கேட்டாள். பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள். காத்திருக்கும் நேரத்தில் நான் வழக்கம்போல ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன்.

“செத்த உக்காருங்க டீச்சர். நீங்க நடக்கதப் பாத்தா எனக்குத் தல சுத்துது.”

உட்கார்ந்தேன். அந்த ஒரு மணி நேரம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையிலேயே நீளமான ஒரு மணி நேரம்.

மூன்று மணிக்கு மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். உடைந்த டி.என்.ஏ. மின்சாரத்தில் இழுபட்டுச் செல்லுக்குப் பின்னால் வால் போல நீண்டிருக்கும். உடைத்தவுடன் நிறுத்திய செல்களை முதலில் காட்டினேன். “ராக்கெட்டு மாரி இருக்கு” என்றாள். தடுப்பான் இல்லாமல் ஒரு மணி நேரம் விட்ட அவளுடைய செல்களை அடுத்து வைத்தேன். வால் இல்லை, உருண்டை உருண்டையாக இருந்தன. தகட்டைத் தானே நகர்த்தி நகர்த்தி வெகுநேரம் பார்த்தாள். கடைசியாகத் தடுப்பான் சேர்த்தது. மறுபடியும் ராக்கெட்.

“இந்த மருந்து அந்தப் புரதத்த என்ன செய்யுது? வீட்டுக்கு அனுப்பிருதா, இல்ல வாசல்ல உக்கார வைக்குதா?”

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. அவளே விளக்கினாள். மருந்து அறைக்கு நாலு பக்கமும் வாசல் உண்டு. ஏதாவது ஆனால் ஓடுவதற்கு. ஒருத்தி லீவு போட்டால் அவள் வேலை மட்டும்தான் நிற்கும், மற்றவர்கள் இழுத்துப்போட்டுச் செய்துகொள்வார்கள். வந்துவிட்டு வேலையும் செய்யாமல் வாசலில் குத்த வைத்தால் அத்தனை பேருக்கும் ஆபத்து. எங்கள் தடுப்பான் செய்வது இரண்டாவதைத்தான். புரதம் உடைந்த இடத்துக்கு வருகிறது, அதன் மேலேயே மாட்டிக்கொண்டு வழியை அடைக்கிறது. புரதம் இல்லாமலே இருப்பதைவிட அது மோசம். புத்தகத்தில் இதற்குப் பத்துப் பக்கம் இருக்கிறது. ஒரு மாணவர்கூட என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. நீங்கள் உங்கள் முடிவை எழுதும் முன் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். தடுத்தது வேறு, இல்லாதது வேறு.

அவளுக்குப் பதில் சொல்லும்போது கொஞ்சம் உற்சாகமாகிவிட்டேன். அவளும் தலையாட்டிக் கேட்டாள். பிறகு ஸ்டூலிலிருந்து இறங்கிப் பையை எடுத்துக்கொண்டு நின்றாள்.

“அப்ப புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல டீச்சர்?”

ஆகாது என்று சொல்ல எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும். அவளுக்கு நான் பட்ட கடன் அது என்றுகூடத் தோன்றியது. ஜெயராணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் பார்த்தது ஒரு குழாய்க்குள் ஒரு மணி நேரம் ஒரு புரதம் செய்த வேலை. அது ஒரு பிள்ளையைப் பற்றி எதையும் சொல்லாது.

“தெரியாது முத்துமாரி” என்றேன். “அத எங்க சோதனையால சொல்ல முடியாது. அன்னைக்கும் தெரியாது, இன்னைக்கும் தெரியாது. டாக்டர்ட்டதான் கேக்கணும்.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

“இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல டீச்சர்” என்றாள். “எட்டு நாளா வயித்துல கை வைக்கல நான்.”

அதற்குப் பிறகு அவள் மருந்து அறைக்குப் போகவில்லை, அட்டைப் பெட்டி ஒட்டும் பக்கம் மாறிக்கொண்டாள். பெண் குழந்தை பிறந்தது, நன்றாக இருக்கிறது. அதை என் சோதனையின் கணக்கில் யாரும் சேர்த்துவிடாதீர்கள். மருந்து அறைப் பெண்களின் செல்கள் உண்மையில் பின்தங்குகின்றனவா என்ற கேள்விக்கும் அந்த வருடம் எங்களுக்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை. அப்படியே எழுதிக் கொடுத்தோம். குழந்தைக்கு இருக்கன்குடிக் கோயிலில் மொட்டை போட்டபோது முத்துமாரி ஜெயராணியைக் கூப்பிட்டிருந்தாள். என்னைக் கூப்பிடவில்லை.